சேலத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்கு: கடல் உயிரியல் அருங்காட்சியகமும் மணல்மேடும் பார்க்க ஒரு வழிகாட்டி

சேலம் மாவட்டத்திலிருந்து கடல் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மெரினாவுக்கோ புதுச்சேரிக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிறார்கள். பிள்ளைகளுக்கு இயற்கை அறிவியல் காட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் பரங்கிப்பேட்டைக்குப் போங்கள். அருநூத்துமலையில் பிறந்து ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதியும், கொல்லிமலையிலிருந்து தம்மம்பட்டி, வீரகனூர் பக்கம் வரும் சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு ஆகிறது. அந்த வெள்ளாறு கடலில் விழும் இடம் பரங்கிப்பேட்டை. முகத்துவாரத்தை ஒட்டியே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது, அருங்காட்சியகம் அதற்குள்ளே. கடலோரம் நெடுக மணல்மேடு. தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. நம் மலையில் தேய்ந்த கல் கடைசியில் என்ன ஆகிறது என்பதை ஒரே பயணத்தில் கண்ணால் பார்த்துவிடலாம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை தொடங்கினார். அதன் உலைக்குப் போனது சேலத்துப் பக்கத்து மேக்னடைட், அதாவது காந்தம் இழுக்கும் இரும்புத் தாது. கடற்கரையில் காந்தத்தை வைத்துச் செய்யப்போகும் சோதனைக்கு இது நல்ல முன்னுரை. வண்டியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன் சேலத்திலேயே ஒரு நாள்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே கடலுக்குப் போனால் பாதிப் பயன் போய்விடும். மணலைப் பார்ப்பவருக்கு அது எந்தக் கல்லிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் கஞ்சமலை. சித்தர்கோவில் பக்கம் அடிவாரத்தில் உதிர்ந்து கிடக்கும் கற்களில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறிக் கோடு போட்ட கல்லைத் தேடுங்கள். கறுப்புக் கோடு மேக்னடைட், வெளுப்புக் கோடு குவார்ட்ஸ். நூலில் கட்டிய காந்தத்தைக் கறுப்புக் கோட்டின் அருகே கொண்டுபோனால் நூல் சாய்வது தெரியும். கல்லை உடைக்க வேண்டாம், எடுத்துவரவும் வேண்டாம். பார்த்துவிட்டுப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது ஏற்காட்டு மலைப்பாதை. சேர்வராயன் மலையின் உடல் முழுக்கச் சார்னோகைட் என்ற பாறை. புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் பூசியது மாதிரி பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறம், வெயிலும் மழையும் பட்ட மேல்தோலில் பழுப்பு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் வண்டியை நிறுத்தாதீர்கள். பாறை பார்க்க மேலே ஏறிய பிறகு பாதுகாப்பான இடம் நிறைய இருக்கிறது. பாறை நெக்குவிட்டு மண்ணாகும் ஒரு மேட்டோரத்தில் விரல் நுனியால் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாவாகக் கரைவது பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்த களிமண். நறநறவென்று மிஞ்சுவது குவார்ட்ஸ். இடையில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் கனமான தாதுக்கள். ஆறு எடுத்துச் செல்லப்போகும் மூன்று சரக்கும் இவைதான். களிமண் கலங்கல் நீராகவே கடலுக்குள் போய்விடும். கரையில் தங்குவது குவார்ட்ஸும் கனத்த மணிகளும்.

மேட்டோர மண்ணில் ஒரு தேக்கரண்டி அளவு காகிதப் பொட்டலத்தில் கட்டி இடம், தேதி எழுதி வையுங்கள். பயணத்தன்று ஆத்தூரில் வசிஷ்ட நதி வறண்டிருந்தால், சாக்கடை கலக்காத மேல்பகுதியில் இன்னொரு தேக்கரண்டி. வீடு கட்டும் இடத்து மணலை ஆற்று மணல் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். இப்போது அங்கே கிடப்பது பெரும்பாலும் எம்-சாண்ட், அதாவது எந்திரத்தில் உடைத்த கல். எல்லா மணியும் கூர்கூராக, தூசியோடு இருக்கும். அதை வைத்து ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் வரும்.

அனுமதி

இது டிக்கெட் எடுத்து நுழையும் பொருட்காட்சி இல்லை. மாணவர்கள் படிக்கும், ஆய்வு நடக்கும் வளாகம். அதனால் மூன்று நான்கு வாரம் முன்பே மையத்தின் இயக்குநருக்குப் பள்ளியின் அல்லது அமைப்பின் கடிதத்தாளில் எழுதுங்கள். குடும்பமாகப் போகிறவர்களும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கடிதத்தில் எத்தனை பேர், எந்த வகுப்பு, வரும் தேதி, அது முடியாவிட்டால் மாற்றுத் தேதி, பொறுப்பாசிரியரின் கைபேசி எண், எந்த வண்டி என்பதெல்லாம் இருக்கட்டும். "பார்வையிட அனுமதி வேண்டும்" என்று மட்டும் எழுதாமல், எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று எழுதுங்கள். "கடற்கரை மணலில் வாழும் உயிரினங்களைப் பற்றி எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு" என்று ஒரு வரி இருந்தால், விளக்கிச் சொல்ல யாரை நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியும்.

பதில் வந்ததும் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: அந்த வாரம் தேர்வு இருக்கிறதா, எத்தனை மணிக்குள் வர வேண்டும், ஒரு தடவைக்கு எத்தனை பேர் உள்ளே போகலாம், படம் எடுக்கலாமா, கழிப்பறை எங்கே, பை வைக்க இடம் உண்டா. சனி ஞாயிறில் போகலாம் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்ற பழக்கத்தை வைத்தும் இங்கே கணக்குப் போடக் கூடாது. இது பல்கலைக்கழக நாள்காட்டிப்படி நடக்கும் இடம்.

புதிதாகப் போகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றதும் ஓட்டுநர் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் வளாகத்துக்கு வண்டியை விட்டுவிடுவார். கடல் உயிரியல் மையம் அங்கே இல்லை, பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. திரும்பி வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். கைபேசி வரைபடத்தில் ஊர்ப் பெயரைச் சேர்த்தே தேடுங்கள்.

எந்த மாதம், எந்த வழி

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போகலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயலும் அப்போதுதான். 2011இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது டிசம்பர் 30 அன்று. ஆகவே அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்று திட்டமிடுகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கோடை விடுமுறை இன்னும் மோசம். மே மாத நடுப்பகல் மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

சேலம், ஆத்தூர், சின்னசேலம், வேப்பூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, பி.முட்லூர், பரங்கிப்பேட்டை. ஏறக்குறைய 200 கிலோமீட்டர், காலை உணவுக்கு நிறுத்துவதையும் சேர்த்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஆத்தூர் பாலத்தில் ஒரு முறை, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் ஒரு முறை ஆற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே ஆற்று வழி என்பதை வரைபடம் சொல்வதைவிட அந்த இரண்டு நிறுத்தம் நன்றாகச் சொல்லும். ரயிலில் போகிறவர்கள் சேலம்–விருத்தாசலம் பாதையில் போய் மாற வேண்டும். பரங்கிப்பேட்டையில் நிலையம் இருந்தாலும் எல்லா ரயிலும் நிற்காது. சிதம்பரத்தில் இறங்கி நகரப் பேருந்து பிடிப்பதுதான் நிம்மதி.

முதல் நாள் மாலையே சிதம்பரம் போய்த் தங்கிவிடுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு மணல்மேடு, எட்டரைக்குச் சிற்றுண்டி, பத்தரைக்கு அருங்காட்சியகம், பிற்பகல் பிச்சாவரம். ஒரே நாளில் போய்த் திரும்பத்தான் முடியும் என்றால் வரிசையை மாற்றுங்கள். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, அருங்காட்சியகத்தை மதியத்துக்குள் முடித்து, நாலு மணிக்கு மணல்மேடு. வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகிவிடும். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அப்படி அழைத்துப்போக வேண்டாம். பிற்பகலில் தூங்கிவிழும் பிள்ளை எதையும் பார்க்காது.

இருபது பேருக்கு எடுத்துப்போக வேண்டியவை

- பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு 5
- காந்தம் 5, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய பாலிதீன் பை
- வெள்ளைத் தாள் 20, பென்சில், அட்டை
- வெள்ளை வினிகர் 100 மில்லி, மை ஊற்றும் குழாய் 2
- பாகைமானி 2, நூல், ஒரு சிறிய நட்டு, அடிக்கோல்
- ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, விரல் மூடிய செருப்பு அல்லது ஷூ

பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த சாதாரணக் காந்தம் மேக்னடைட்டைப் பிடிக்கும். இல்மனைட் என்ற இன்னொரு கறுப்புத் தாதுவையும் பிடிக்க நியோடிமியம் காந்தம் வேண்டும். ஆனால் அது சின்னதாக இருக்கும், விழுங்கினால் குடலுக்கு ஆபத்து. பெரியவர் கையில் மட்டும் கொடுங்கள். கற்றாழைமுள் போலக் குத்தும் புல் மணல்மேட்டில் இருப்பதால் செருப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அருங்காட்சியகத்துக்குள்

எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் இங்கே முதல் எதிரி. கண்ணாடிக் குடுவைகளின் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை நடந்து பார்த்த பிள்ளையிடம் வெளியே வந்து கேட்டால் "நிறைய மீன் இருந்தது" என்றுதான் சொல்லும். முதல் பத்து நிமிடம் சும்மா ஒரு சுற்று. பிறகு ஒவ்வொருவரும் மூன்றே மூன்று மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் ஐந்து நிமிடம் நின்று வரைய வேண்டும். அழகாக வரைய வேண்டியதில்லை. வரையும் கைதான் காலை எண்ண வைக்கும்.

சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். அதற்குக் கீழே பிடித்த இடம், தேதி இருந்தால் அவைதான் பெயரைவிட மதிப்பு மிக்கவை. இந்த உயிர் இந்தக் கரையில் இந்த ஆண்டு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இடமும் தேதியும் இல்லாத மாதிரி வெறும் அலங்காரப் பொருள். சேலத்தில் கட்டிய பொட்டலத்தில் இடமும் தேதியும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

குடுவைக்குள் மீன் வெளுத்து, மெழுகு நிறத்தில் இருப்பதைப் பார்த்து உயிரோடும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். ஃபார்மலின் தசையின் புரதத்தை இறுக்கிக் கெடாமல் காக்கும். நிறத்தைக் காக்காது. சாராயக் கரைசலில் நிறமிகள் கரைந்தும் போகும். எனவே குடுவையில் நிறத்தை நம்பாதீர்கள். உருவம், துடுப்பின் கதிர்கள், செதில், வாயின் அமைப்பு இவற்றைப் பாருங்கள். கடற்பாம்பு கண்ணில் பட்டால் வாலைக் கவனியுங்கள். துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும், நம் தோட்டத்துப் பாம்பின் வால் உருண்டு கூம்பும். அந்தச் சாடியை மூடித் திறக்கும் இடத்தில் நெடி கண்ணைக் கரிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைக் கதவருகே நிறுத்துங்கள்.

தாளில் மணல், சேறு, நீர் என்று மூன்று பத்தி போட்டு, பார்க்கும் ஒவ்வொரு உயிரையும் அதன் உடலமைப்பை வைத்தே எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று முடிவு செய்யச் சொல்லுங்கள். நீண்ட கண்காம்பும் வெளிறிய ஓடும் உள்ள நண்டு மணல் பத்திக்குப் போகும். முக்கோண ஓட்டு மட்டியும் அங்கேதான். ஒரு கால் மட்டும் பெருத்த சிறு நண்டு சேற்றுக்கு. காலையில் மணல்மேட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இதில் வேகமாக இருப்பார்கள்.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால் ஃபிளாஷ் வேண்டாம். கைபேசியைக் கண்ணாடியில் ஒட்டிச் சற்றே சாய்த்துப் பிடித்தால் எதிரொளி விழாது. முதலில் சீட்டைப் படமெடுத்துவிட்டுப் பிறகு மாதிரியை எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் வந்து எது எதுவென்று தெரியாமல் தவிக்க நேரும்.

மணல்மேடு

பரங்கிப்பேட்டையிலிருந்து வடக்கே சாமியார்பேட்டைப் பக்கம் போனால் கடற்கரைக்கு இறங்க வழி இருக்கிறது. ஏற்கெனவே ஆட்கள் நடந்து தேய்ந்த தடத்தில் ஒற்றை வரிசையாகப் போங்கள். மேட்டின் மேல் ஓடிச் சறுக்க விடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை கொடிகள். ஒரு கொடி அறுந்த இடத்தில் காற்று மணலை வாரத் தொடங்கி, பள்ளம் விரிந்து, மேடு அங்கே உடையும். கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கைப்படி மணல்மேடுகள் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் உள்ளவை. மேட்டைச் சமன் செய்வதோ உருமாற்றுவதோ குற்றம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது உயர்ந்த மணல்மேடும் செடிகொடியும் தண்ணீரின் வேகத்தைத் தடுத்த இடங்கள் நம் கரையில் உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால், தடத்தை விட்டு இறங்க மாட்டார்கள்.

கடல் பக்கமிருந்து பார்த்தால் முதலில் அடும்பு. ஊர்க்காரர்கள் அடப்பங்கொடி என்பார்கள். ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த தடித்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. பூ காலையில் விரிந்து பிற்பகலில் சுருண்டுவிடும், காலை ஆறு மணி என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். கொடியின் ஒரு கணுவை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும். மணல் மூடினால் கொடி மேலே ஏறி மறுபடி வேர்விடும். அதனால்தான் மேடு வளர்கிறது. பிறகு இராவணன் மீசை. ஊசி முனைகொண்ட புல், குனியும்போது கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். அதன் பெண் பூங்கொத்து பந்து மாதிரி முள்ளுருண்டையாகக் காய்ந்து உதிர்ந்து, காற்றில் கடற்கரை நெடுக உருண்டுபோகும். ஓர் உருண்டை நிற்கும் இடத்தில் பிள்ளைகளும் நின்று, அது ஏன் அங்கே நின்றது என்று பார்க்கட்டும். பெரும்பாலும் ஒரு கொடியோ மரக்குச்சியோ தடுத்திருக்கும், அதன் பின்னால் சின்னதாக மணல் சேரத் தொடங்கியிருக்கும். ஒரு மணல்மேட்டின் முதல் நாள் அதுதான். இன்னும் உள்ளே தாழை, முந்திரி, நட்டு வளர்த்த சவுக்கு.

காய்ந்த மணலின் மேல் தெரியும் அலைவரிகளில் ஒரு பக்கம் சாய்வு மென்மையாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். செங்குத்துப் பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைக்குத்தான் காற்று வீசியிருக்கிறது.

மணல் சோதனை

இதை மேட்டில் செய்யாமல், கீழே காய்ந்த கடற்கரையில் செய்யுங்கள்.

1. காய்ந்த மணலை ஒரே இடத்தில் கையிலிருந்து மெல்ல ஒழுகவிட்டுக் குவியல் ஆக்குங்கள். பாகைமானியின் நடுப்புள்ளியில் நட்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, சரிவில் சாய்த்த அடிக்கோலோடு பாகைமானியின் நேர்விளிம்பைச் சேர்த்துப் பிடியுங்கள். நூல் காட்டும் எண்ணுக்கும் 90க்கும் உள்ள வித்தியாசம்தான் சரிவின் கோணம். 30க்கும் 35க்கும் இடையே வரும். அடியின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் உயரம் ஆறு ஏழு சென்டிமீட்டர்தான், மேலும் கொட்டினால் சரிந்துவிடும். 50, 60 என்று கோணம் வந்தால் மணல் ஈரம். மணிகளுக்கு இடையே உள்ள நீர்ப்படலம் அவற்றை ஒட்டவைத்திருக்கிறது.

2. வெள்ளைத் தாளில் அரைத் தேக்கரண்டி மணலைப் பரப்புங்கள். லென்சைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு தாளை லென்சை நோக்கி உயர்த்துங்கள். லென்சைக் கையில் நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. கண்ணாடித் துணுக்கு மாதிரி இருப்பது குவார்ட்ஸ், இளஞ்சிவப்பு கார்னெட், கறுப்பு மேக்னடைட்டும் இல்மனைட்டும், பால்வெள்ளைத் தகடு சிப்பியின் உடைசல்.

3. காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் வைத்து மணல் மேல் நகர்த்துங்கள். வெறும் காந்தத்தில் ஒட்டிய கறுப்பு மணிகளைப் பிறகு எடுக்கவே முடியாது. பை இருந்தால் காந்தத்தை உருவியதும் மணிகள் தாளில் உதிரும். ஈரமணல் பையில் ஒட்டி ஏமாற்றும், காய்ந்ததையே எடுங்கள். கரையில் கறுப்புத் திட்டு தெரிந்தால் அங்கே முயலுங்கள். குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, மேக்னடைட்டினுடையது 5.2. அலையும் காற்றும் இலேசானதைக் கொண்டுபோக, கனமானது அடுக்காக மிஞ்சுகிறது.

4. சிப்பித் துணுக்கின் மேல் ஒரு சொட்டு வினிகர். லென்சில் குமிழ் கிளம்புவது தெரியும். நம் ஊர் மேக்னசைட் துணுக்கு ஒன்று பள்ளி ஆய்வகத்தில் இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். அதுவும் வெள்ளை, அதுவும் கார்பனேட், ஆனால் வினிகரில் பொங்காது.

5. சேலத்துப் பொட்டலத்தையும் ஆத்தூர்ப் பொட்டலத்தையும் பிரித்துக் கடல் மணலுக்குப் பக்கத்தில் வையுங்கள். மலைமண்ணில் பெரிதும் சிறிதும் கலந்து கூராக இருக்கும். கடல் மணலில் அளவு ஏறக்குறைய ஒன்றாக, முனை மழுங்கியிருக்கும். எல்லாம் உருண்டையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், குவார்ட்ஸ் எளிதில் தேயாது.

"இந்த மணி ஏற்காட்டிலிருந்து வந்ததா?" என்று கேட்பார்கள். ஒரு மணியைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அங்கிருந்து மணல் வந்து சேர வழி இருக்கிறது. ஏற்காட்டில் விழும் மழை திருமணிமுத்தாறு, சரபங்கா வழியாகக் காவிரிக்கும், அங்கிருந்து கொள்ளிடத்துக்கும் போகிறது. கொள்ளிடம் கடலில் விழுவது பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே. இந்தக் கரையில் ஆண்டு முழுதும் கணக்கிட்டால் அலை மணலை வடக்கு நோக்கியே அதிகம் தள்ளுகிறது.

தொடக் கூடாதவை

முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள். ஓதத்தின் ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், ஆறும் கடலும் சந்திக்கும் இடத்தில் இழுப்பு மேலே தெரியாமல் ஓடும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். மணலில் அகலமான இழுவைத் தடம் கண்டால் விலகி நடங்கள், குழியைத் தோண்டாதீர்கள். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை போன்றவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. காய்ந்தது கிடந்தாலும் எடுக்கக் கூடாது, கடையில் விற்றாலும் வாங்கக் கூடாது. சோதித்த மணலைக் கரையிலேயே கொட்டிவிட்டு, தாளையும் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வண்டியில் ஏறும் முன் ஷூவையும் பேண்ட் மடிப்பையும் உதறச் சொல்லுங்கள். லென்சின் மேல் மணல் இருந்தால் துடைக்காமல் ஊதிவிடுங்கள், துடைத்தால் குவார்ட்ஸ் கீறிவிடும். ஊர் திரும்பிய வாரமே மையத்துக்கு நன்றிக் கடிதம் அனுப்புங்கள். பெயர் தெரியாத உயிரின் படம் இருந்தால் இடம், நேரம் எழுதி அதோடு இணைத்துக் கேளுங்கள்.